கணித வகுப்பின் முதல் ஐந்து நிமிடம்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில் பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் கணிதம் நடத்தும் ஆசிரியர்கள் கூடிப் பேசினால், பாடம் தொடங்கும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடும். காலையில் சபைகூடல் முடிந்து வரும் பிள்ளைகளும், ஓய்வு நேரம் முடிந்து வியர்வையோடு ஓடி வரும் பிள்ளைகளும் உடனே கணக்குக்குள் நுழைவதில்லை. அவர்களை உள்ளே அழைத்துவரும் சிறு வேலையை இங்கே 'தொடக்க நடவடிக்கை' என்றே சொல்கிறேன். சக ஆசிரியர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

நாள் பாடத்திட்டத்தில் பீடிகை எழுதுகிறோமே, இதுவும் அதுவும் ஒன்றுதானா?

இல்லை. பீடிகை அன்றைய தலைப்புக்கு இட்டுச் செல்வது. பின்னம் நடத்தப் போகும் நாளில் ஒரு ரொட்டி சானாயை நான்காகப் பிய்த்து, "ஒரு துண்டு எவ்வளவு?" என்று கேட்பது பீடிகை. தொடக்க நடவடிக்கை அன்றைய தலைப்போடு ஒட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாடம் கோணமாக இருக்கலாம், முதல் ஐந்து நிமிடம் பெருக்கலைப் பற்றிப் பேசலாம். போன மாதம் படித்த விழுக்காட்டை மறக்காமல் வைத்திருக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டும் ஒன்றாக அமையும் நாளும் உண்டு, அமைந்தால் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு நாளும் தலைப்போடு இணைத்தே தீர வேண்டும் என்று முயன்றால், பழைய பாடங்களுக்குத் திரும்பிப் போக நமக்கு நேரமே கிடைக்காது.

எத்தனை நிமிடம் ஒதுக்கலாம்?

நம் தொடக்கப்பள்ளியில் ஒரு பாடவேளை 30 நிமிடம். ஒற்றைப் பாடவேளை என்றால் ஐந்து நிமிடம், இரட்டை என்றால் எட்டு நிமிடம். 1970களின் இறுதியில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் தாமஸ் குட், டக்ளஸ் குரௌஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிக் கணித வகுப்புகளுக்கு வகுத்த முறையில், பாடத்தின் முதல் எட்டு நிமிடத்தை மீள்பார்வைக்கும் மனக்கணக்குக்கும் ஒதுக்கினார்கள். நம் சூழலுக்கும் அது பொருந்துகிறது. பிள்ளைகள் இன்னும் பேச ஆசைப்படும்போதே நிறுத்திவிடுங்கள், மறுநாள் அவர்களே கேட்பார்கள்.

எதிலிருந்து தொடங்குவது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

ஒன்றுதான் என்றால் மனக்கணக்குப் பேச்சு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கேத்தி ரிச்சர்ட்சன், ரூத் பார்க்கர் என்ற இரு கணித ஆசிரியர்கள் வளர்த்தெடுத்த முறை இது. கருவி எதுவும் தேவையில்லை.

ஆண்டு 3 அல்லது 4 வகுப்பில் வெண்பலகையில் 18 × 5 என்று எழுதுங்கள், நெடுக்காக இல்லாமல் குறுக்காக. நெடுக்காக எழுதினால் பிள்ளைகள் எண்ணைப் பார்க்கமாட்டார்கள், கை தானாகச் செய்முறைக்குப் போய்விடும். தாளும் பென்சிலும் மேசைக்குள் போகட்டும். விடை கிடைத்தவர்கள் கையை உயர்த்த வேண்டாம், நெஞ்சருகே கட்டைவிரலை மட்டும் நீட்டினால் போதும். பத்துக் கைகள் மேலே ஆடினால் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளை அங்கேயே யோசிப்பதை விட்டுவிடும். இரண்டாவது வழி கிடைத்தவர்கள் இரண்டாவது விரலையும் நீட்டலாம். வேகமாக முடித்தவர்களுக்கு அது வேலை கொடுக்கும்.

பெரும்பாலான கட்டைவிரல்கள் வெளியே வந்ததும் விடைகளைக் கேளுங்கள். சொல்லும் எல்லா விடைகளையும் முகம் மாறாமல் பலகையில் எழுதுங்கள். பிறகு, "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதெல்லாம்.

ஒரு பிள்ளை, "பத்து ஐந்து ஐம்பது, எட்டு ஐந்து நாற்பது, சேர்த்தால் தொண்ணூறு" என்பாள். இன்னொருவன், "இருபது ஐந்து நூறு சார், இரண்டு ஐந்தைக் கழித்தேன்" என்பான். "பதினெட்டைப் பத்தால் பெருக்கிப் பாதியாக்கினேன்" என்று ஒரு குரல் வரும். கொஞ்ச நாள் பழகிய வகுப்பு என்றால், "பதினெட்டில் பாதி ஒன்பது, ஐந்தை இரட்டித்தால் பத்து, ஒன்பது பத்து தொண்ணூறு" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டு, அது சரிதானா என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் தலையாட்ட வேண்டாம். "இது எப்போதும் நடக்குமா? 14 × 5க்கு நடக்குமா? 15 × 5க்கு?" என்று வகுப்பிடம் விடுங்கள். ஒற்றைப்படை எண்ணைப் பாதியாக்கினால் என்ன ஆகும் என்று அவர்களே விவாதிப்பார்கள். அதற்குள் தசமமும் எட்டிப் பார்த்துவிடும்.

ஒவ்வொரு வழியையும் பிள்ளை சொன்னபடியே பலகையில் எழுதி, பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதுங்கள். "இது கவிதாவின் வழி" என்று வகுப்பு சொல்லத் தொடங்கினால், கவிதாவுக்கு அதைவிடப் பெரிய பரிசு எதுவும் வேண்டாம்.

தவறான விடை வந்தால் உடனே திருத்த வேண்டாமா?

உடனே வேண்டாம். அதே 18 × 5க்கு ஒரு பிள்ளை 45 என்று சொல்லக்கூடும். எப்படி என்று கேட்டால், "ஐந்து எட்டு நாற்பது, ஐந்து ஒன்று ஐந்து, சேர்த்தால் நாற்பத்தைந்து" என்பாள். வாய்ப்பாட்டில் ஒரு பிழையும் இல்லை, சேர்த்ததிலும் பிழையில்லை. 18இல் உள்ள ஒன்று பத்தைக் குறிக்கிறது என்பது மட்டும் அவள் மனத்தில் இல்லை. இது இடமதிப்பில் உள்ள இடைவெளி. 'தவறு' என்று சிவப்பு மையில் போட்டிருந்தால், அவளுக்குப் பெருக்கல் வரவில்லை என்று நினைத்து மேலும் இருபது பெருக்கல் கணக்குகளைக் கொடுத்திருப்போம். அவளுக்குத் தேவை அதுவல்ல.

45, 90 இரண்டில் எது பொருந்தும் என்று வகுப்பைக் கேளுங்கள். "பத்து ஐந்தே ஐம்பது ஆகிறது, பதினெட்டு ஐந்து எப்படி அதைவிடக் குறையும்?" என்று யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார். பெரும்பாலும் 45 சொன்ன பிள்ளையே, "நான் மாற்றிக்கொள்கிறேன், டீச்சர்" என்று சொல்லும். அப்படி மாற்றிக்கொள்வது கெட்டிக்காரத்தனம் என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லுங்கள்.

வாய்ப்பாடு ஒப்புவிப்பது போதாதா? நாங்கள் அப்படித்தானே படித்தோம்.

வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்கத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆண்டு 5இல் பின்னத்தைச் சுருக்கும்போது 7 × 8க்கு விரல் விட்டு எண்ணும் பிள்ளை, எதைச் சுருக்குகிறோம் என்பதையே மறந்துவிடும்.

ஆனால் வகுப்பே சேர்ந்து பாட்டாக ஒப்புவிக்கும்போது, வரிசையின் வேகத்தில் வாய் அசைகிறதே தவிர நினைவு வேலை செய்வதில்லை. ஏழாம் வாய்ப்பாட்டை முழுக்கப் பாடும் பிள்ளையிடம் "ஏழெட்டு?" என்று தனியாகக் கேட்டால், முதலிலிருந்து பாடிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். வரிசையைக் கலைத்துக் கேளுங்கள். நேற்றையது இரண்டு, போன வாரத்தது ஒன்று, போன மாதத்தது ஒன்று. நினைவிலிருந்து தேடி எடுப்பதுதான் நினைவை வலுவாக்குகிறது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது உரைப்பகுதிகளை. கணித வகுப்பிலும் அது உண்மை என்பதை எந்த ஆசிரியரும் கண்ணால் காணலாம்.

தெரியாத பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து போகும் வழியைக் காட்டுங்கள். ஏழு ஏழு 49 தெரியும், இன்னொரு ஏழு சேர்த்தால் 56.

நேரக் கடிகாரம் வைத்துப் போட்டியாக நடத்தலாமா? பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதே.

ஜெயிக்கும் நான்கைந்து பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. மற்றவர்களின் முகத்தையும் பாருங்கள். கணக்கைக் கண்டு பயப்படும் ஒருவருக்கு அந்தப் பயமே செயல்படு நினைவின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது என்று ஆஷ்கிராஃப்ட், கிர்க் ஆகிய இருவரும் 2001இல் எழுதினார்கள். மனத்தில் எண்களைப் பிடித்துவைத்துக்கொண்டு கணக்குப் போடும் இடம் அதுதான். ஆக, பயந்த பிள்ளைக்குத் தெரிந்த விடையும் வராது. பாடத்தின் முதல் ஐந்து நிமிடத்திலேயே 'நான் தோற்றுவிட்டேன்' என்று உட்காரும் பிள்ளைக்கு மீதி இருபத்தைந்து நிமிடத்தில் நாம் என்ன சொல்லிக் கொடுத்துவிட முடியும்?

பிள்ளை தன்னுடைய நேற்றைய கணக்கோடு போட்டியிடட்டும். அதற்கு எனக்கு எதிர்ப்பில்லை.

எப்போதும் அதே மூன்று பேர்தான் பதில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

காத்திருங்கள். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி மௌனம் ஆசிரியருக்கு மிக நீளமாகத் தெரியும். மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

பக்கத்திலிருப்பவரிடம் முதலில் சொல்லச் செய்வதும் நல்ல வழி. வகுப்பு முன் பேசத் தயங்கும் பிள்ளை தோழியிடம் சொல்லும். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, "நீ இவளிடம் சொன்னதை எல்லாருக்கும் சொல்கிறாயா?" என்று கேளுங்கள். எல்லாரிடமும் ஒரே நேரத்தில் விடை வேண்டுமானால் சிறு வெண்பலகைகள் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கப் பணம் இல்லையென்றால் வெள்ளை ஏ4 தாளை லேமினேட் செய்தால் அதுவே போதும்.

ஆண்டு 1, ஆண்டு 2 பிள்ளைகளுக்கு?

புள்ளிகள். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசைக் கட்டம் வரைந்து, எட்டுப் புள்ளிகள் வைத்து, மூன்று விநாடி காட்டி மறைத்துவிடுங்கள். எண்ண நேரம் இருக்காது, பார்க்கத்தான் முடியும். "ஐந்தும் மூன்றும்", "இரண்டு கட்டம் காலி, அதனால் எட்டு", "நான்கும் நான்கும்" என்று வரும். கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்கிறது.

சேர்ந்து எண்ணுவதும் நல்லது. ஒன்றிலிருந்து இல்லாமல் 78இலிருந்து, 187இலிருந்து தொடங்குங்கள். தமிழில் தொண்ணூறு வரும் இடத்தில் வகுப்பின் குரல் தணிவதைக் கேட்பீர்கள். எண்பத்தொன்பதுக்குப் பின் என்ன என்று தயங்குவார்கள், சிலர் தொண்ணூறை 900 என்று எழுதிவிடுவார்கள். எண்ணைப் பலகையில் தொட்டுக் காட்டிக்கொண்டே எண்ணினால் சில வாரங்களில் சரியாகிவிடும்.

வீட்டில் ஆங்கிலத்தில் எண்ணும் பிள்ளைகள் தமிழில் பேசத் தயங்குகிறார்களே?

சிந்தனை எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் வரட்டும். "டுவென்டி ஃபைவ் நாலு தடவை" என்று ஒரு பிள்ளை சொன்னால், நீங்கள் "இருபத்தைந்து நான்கு, நூறு" என்று தமிழில் திருப்பிச் சொல்லி எழுதுங்கள். திருத்துவதுபோல் வேண்டாம், கேட்டதை உறுதிப்படுத்துவதுபோல் சொன்னால் போதும்.

ஆண்டு 6 பிள்ளைகள் அடுத்த ஆண்டு இடைநிலைப் பள்ளியில் பெரும்பாலும் மலாயில் கணிதம் படிக்கப் போகிறார்கள். ஆண்டின் கடைசி மாதங்களில் பின்னம் என்று எழுதி அடியில் பெச்சாஹான், தசமம் என்று எழுதி பெர்பூலோஹான், விழுக்காட்டுக்குப் பெராத்துசான் என்று தொடக்க நடவடிக்கையிலேயே பழக்கிவிடுங்கள். கணக்குத் தெரிந்தும் சொல் தெரியாமல் முதல் தவணையில் தடுமாறும் நம் பிள்ளைகளை நினைத்தால் மனம் கனக்கிறது. வாரம் இரண்டு மூன்று நிமிடம் செலவழித்தால் அதைத் தடுத்துவிடலாம்.

உள்ளூர்ச் சூழலோடு எப்படி இணைப்பது?

பினாங்கில் எண்ணுக்குப் பஞ்சமில்லை. 1985இல் திறந்த முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், 2014இல் திறந்த இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர். எது எவ்வளவு அதிக நீளம்? திறந்த ஆண்டுகளுக்கு இடையே எத்தனை ஆண்டு? தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி, கோலாலம்பூருக்கு அருகே உள்ள பத்துமலைக்கு 272 படி. "தண்ணீர்மலை ஏறினால் பத்துமலையை இரண்டு முறை ஏறியதுபோலா?" என்று கேளுங்கள். கிட்டிய நூறுக்கு மாற்றினால் 500, 300. கிட்டிய பத்துக்கு மாற்றினால் 510, 270. எந்த மாற்றம் உண்மைக்கு அருகில் நிறுத்துகிறது என்று அவர்களே சொல்வார்கள். தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் கேட்டால் வகுப்பே பேசும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஐந்து சென் கணக்கு. 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டுக் கடைகளில் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையைக் கிட்டிய ஐந்து சென்னுக்கு மாற்றுகிறார்கள். கடைசி இலக்கம் 1, 2 என்றால் 0ஆகும். 3, 4 ஆனால் 5. 6, 7 வந்தாலும் 5தான். 8, 9 என்றால் அடுத்த பத்து. இப்போது கேளுங்கள்: ஒரு பொருள் ரிங்கிட் 1.99. மூன்று வாங்க வேண்டும். ஒன்றாகக் கட்டுவது லாபமா, தனித்தனியாகக் கட்டுவது லாபமா?

ஒன்றாகக் கட்டினால் 5.97, அது 5.95 ஆகும். தனித்தனியாகக் கட்டினால் ஒவ்வொன்றும் 2.00, மொத்தம் 6.00. ஐந்து சென் மிச்சம்! "அப்படியென்றால் எப்போதும் ஒன்றாகவே கட்ட வேண்டும்" என்று வகுப்பு முடிவு கட்டும். உடனே விலையை 1.96 ஆக்குங்கள். தனித்தனியாகக் கட்டினால் 1.95 மூன்று, 5.85. ஒன்றாகக் கட்டினால் 5.88, அது 5.90. முடிவு தலைகீழாகிவிட்டது. எந்த விலைகளுக்கு எது லாபம் என்று தேடிக்கொண்டே அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் அம்மாவின் கடை ரசீதோடு வருவார்கள்.

ஒரே விதமாகச் செய்தால் சலிக்காதா?

சலிக்கும். இரண்டு மூன்று வகைகளை மாற்றிக்கொள்ளுங்கள். 9, 16, 25, 43 என்று எழுதி, "எது சேராதது?" என்று கேளுங்கள். 9 மட்டும் ஓரிலக்கம், 16 மட்டும் இரட்டைப்படை, 25 மட்டும் ஐந்தால் வகுபடும், 43 மட்டும் வர்க்க எண் இல்லை. நான்குக்கும் காரணம் உண்டு என்பதால் யாரும் தோற்பதில்லை.

வெள்ளிக்கிழமைக்குக் காப்ரேகர். மகாராஷ்டிராவில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். காப்ரேகர் 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தது இது. நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது நான்கிலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையில் அடுக்கி, ஏறு வரிசையில் அடுக்கியதை அதிலிருந்து கழிக்க வேண்டும். வந்த விடைக்கும் அதையே செய்ய வேண்டும். 3524 எடுத்தால், 5432 − 2345 = 3087. பிறகு 8730 − 0378 = 8352. பிறகு 8532 − 2358 = 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு முறையில் 6174இல் வந்து நின்றுவிடும். கடன் வாங்கிக் கழித்தலை இத்தனை ஆசையாக ஆண்டு 4 வகுப்பு வேறு எதற்காகவும் செய்து நான் பார்த்ததில்லை. அதை நம்மைப்போல் ஒரு பள்ளி ஆசிரியர் கண்டுபிடித்தார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

எங்கள் வகுப்பில் ஆறு பேர்தான். இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒன்றாக அமர்கிறார்கள்.

ஆறு பேர் என்றால் அறுவரின் சிந்தனையையும் தினமும் கேட்கலாம். பெரிய பள்ளியில் அது கிடைக்காது. கூட்டு வகுப்பிலும் ஒரே கேள்வியை இருவருக்கும் கேட்கலாம்: "விடை 24. கேள்வி என்ன?" சிறியவர்கள் 20 + 4 என்பார்கள், பெரியவர்கள் 96இல் கால் பங்கு என்பார்கள்.

இதற்குப் புள்ளி போடலாமா? வகுப்பறை மதிப்பீட்டில் சேர்க்கலாமா?

புள்ளி வேண்டாம். ஆண்டு 6 முடிவில் நடந்த அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் நிறுத்தப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு நம் கைக்கு வந்திருக்கிறது. பிள்ளை சொன்னதை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அடைவுநிலையை முடிவு செய்யும்போது அது பெரிய துணை. 'இடமதிப்பு, 18இன் 1' என்று மூன்று சொல் போதும். ஆனால் மதிப்பிடப்படுகிறோம் என்று தெரிந்தால் பிள்ளைகள் பாதுகாப்பான விடையை மட்டுமே சொல்வார்கள்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லையே?

இந்தக் கவலை நியாயமானது. ஆனால் ஆண்டு 5இல் தசமப் பெருக்கல் நடத்தும்போது இடமதிப்பை முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க நாம் செலவழிக்கும் பாடவேளைகளையும் கணக்கில் சேருங்கள். தினம் செலவழிக்கும் ஐந்து நிமிடம் அங்கே மிச்சமாகத் திரும்பி வருகிறது.

பெற்றோர் வீட்டில் என்ன செய்யலாம்?

பெருநிலத்தில் உள்ள பிராயிலிருந்து பினாங்குத் தீவுக்குக் காரில் வரும்போது பாலத்தில் நெரிசல் இருந்தால், முன்னால் நிற்கும் காரின் எண்ணைப் பாருங்கள். 3724 என்றால், நான்கு இலக்கத்தையும் ஒரு முறை பயன்படுத்தி 10 கொண்டுவர முடியுமா? 7 + 4 + 2 − 3. வேறு வழி உண்டா? விடையை நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை தவறாகச் சொன்னாலும், "எப்படிப்பா வந்தது, சொல்லு" என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல அதுவே கண்டுபிடிக்கும். பிள்ளைக்கு அன்று விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள், அடுத்த நாளும் பாலத்தில் கார்கள் இருக்கும்.